பதினேழு முடிச்சு

சாமி,

இந்தக் கடிதத்தை நீ ஒருவன் மட்டும் படிக்கப் போவதில்லை. ஒரு பிரதியை இன்றைக்கே உன் பைக்குள், அளவு நோட்டுக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் நடுவில் சொருகி வைக்கிறேன். இன்னொரு பிரதியை நாளை மறுநாள் அமாவாசைக் கூட்டத்தில், பள்ளிக்கூட வேப்பமரத்தடியில், ஏழு ஊர்க்காரர்கள் முன்னால் சுகந்தி வாசிப்பாள். “நான் ஒண்ணு எழுதித் தந்தா சத்தமா வாசிப்பியா கண்ணு?” என்று போனில் கேட்டேன். “வாசிக்கிறேம்மா” என்றாள். என்ன ஏது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆவணியில் நம் வீட்டுக்கு வரப்போகிற மருமகள் மாமியாருக்காகச் செய்யும் முதல் வேலை இப்படிப்பட்டது என்று பாவம் அவளுக்குத் தெரியாது. நேரில் சொல்லக் கூடாதா என்று நீ கேட்பாய். என் வாயைப் பற்றி உனக்குத் தெரியாதா? முதலில் கோபம் வரும், அடுத்து அழுகை வரும், சொல்ல வந்த விஷயம் கடைசி வரைக்கும் வராது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். எட்டாம் வகுப்புத் தமிழ்தான். பிழை இருந்தால் உன் டீச்சரம்மா திருத்திக்கொள்ளட்டும்.

நான் இந்த வீட்டுக்கு வந்த கதையிலிருந்து ஆரம்பிக்கிறேன். வெண்ணந்தூரிலிருந்து என்னை இங்கே கொடுப்பதற்கு முன்னால் என் அப்பா மாப்பிள்ளை வீடு பார்க்க வந்தார். நம் பக்கத்தில் மாப்பிள்ளை வீடு பார்க்க வருகிறவர்கள் வீட்டையா பார்க்கிறார்கள்? உட்கார்ந்து ஒரு வாய் காபி குடித்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, நேரே கிணற்று மேட்டுக்குப் போவார்கள். எட்டிப் பார்ப்பார்கள். ஒரு கல்லை எடுத்துப் போட்டுச் சத்தம் கேட்பார்கள். பெண்ணைக் கொடுப்பதா வேண்டாமா என்பதை அந்தச் சத்தம் சொல்லிவிடும். என் அப்பா போட்ட கல் ‘தொபுக்’கென்று விழுந்திருக்கிறது. ஊருக்கு வந்து, “கெணறு கடலாட்டங் கெடக்குது. எம்புள்ளை தண்ணிக்கு அழுவ மாட்டா” என்று அம்மாவிடம் அவர் சொன்னதை நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். கல்யாணம் முடிந்து மூன்றாம் நாள் காலையில் உன் அப்பா மோட்டாரைப் போட்டார். ஒரு மணி நேரம் ஓடியது. அப்புறம் பைப்பில் வெறும் காற்றுதான் வந்தது. ஓடிப் போய் எட்டிப் பார்த்தால் அடியில் பாறை தெரிகிறது. “ஏனுங்க, கடலு எங்கீங்க போச்சு?” என்று கேட்டேன். புது மாப்பிள்ளை தலையைச் சொறிந்துகொண்டு, “உங்கொப்பன் வாராருன்னு எங்கம்மா எட்டு நாளா மோட்டாரைப் போடவே உடலை” என்றார். இரண்டு பேரும் கிணற்றுப் படியில் உட்கார்ந்து சிரித்த சிரிப்பு இன்றைக்கும் எனக்குக் காதில் கேட்கிறது. எனக்குக் கோபமே வரவில்லை. என் அண்ணனுக்குப் பெண் எடுத்தபோது எங்கள் வீட்டிலும் அதையேதான் செய்திருந்தோம்.

அந்தக் கிணற்றில்தான் உன் அப்பா உனக்கு நீச்சல் பழக்கினார். திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் வேலைக்குப் போய் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வருகிற மனுஷன், வந்ததும் முதலில் செய்வது உன் இடுப்பில் கயிற்றைக் கட்டிக் கிணற்றில் இறக்குவதுதான். ஊர் ஊராகப் போய் மண்ணைத் துளைத்துத் தண்ணீர் தேடியவர், உன்னைத் தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்த்துக்கொண்டே இருப்பார். அவர் திரும்பிப் போன பிறகு நீ பம்புசெட் தொட்டியில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்பாய். விரல் நுனியெல்லாம் சுருங்கிப் போயிருக்கும். உதடு நீலம் பாரித்திருக்கும். நான் குச்சியை எடுத்துக்கொண்டு வந்தால், “இன்னும் ஒரே ஒரு நிமிசமுங்கம்மா” என்பாய். அந்த ஒரு நிமிஷங்களை எல்லாம் யாராவது எனக்குத் திருப்பிக் கொடுத்தால், குச்சியை அடுப்பில் போட்டுவிட்டு நானும் உன் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன். அப்போது பாத்தியில் தண்ணீர் கட்ட ஆளில்லாமல் நான் திட்டிக்கொண்டே இருப்பேன். பிள்ளையோடு உட்கார நேரம் இருந்ததாகவே எனக்கு நினைவில்லை.

உனக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு வியாதி உண்டு. அளவு தப்பாகச் சொன்னால் பொறுக்க மாட்டாய். நம் கருத்த எருமை கறந்துகொண்டிருந்த காலத்தில் வடக்குத் தோட்டத்துக்காரி வந்து, “எருமை எத்தனை கறக்குதுங்க?” என்று கேட்டாள். கண்ணு பட்டுவிடும் என்று நான், “என்னமோ போங்க, ரெண்டு லிட்டருக்கே மல்லாட வேண்டியிருக்குது” என்றேன். ஆறு வயதுப் பயல் நீ, புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே, “நாலரை லிட்டருங்க” என்றாய். அவள் போன பிறகு உன் முதுகில் இரண்டு வைத்தேன். இப்போது யோசித்தால் நாங்கள் எல்லோரும் அப்படித்தான் வாழ்ந்திருக்கிறோம். அக்கம்பக்கத்தார் முன்னால் இருப்பதைக் குறைத்துச் சொல்வோம், சம்பந்திக்கு முன்னால் இல்லாததைக் கூட்டிச் சொல்வோம். அதில் யாரும் கெட்டுப்போனதாக நினைத்ததே இல்லை.

கோயமுத்தூர் விதைக் கம்பெனி வேலையை விட்டுவிட்டு நீ ஊருக்கு வந்தபோது நான் மூன்று நாள் சோறு தின்னவில்லை. (இரண்டு நாள்தான். மூன்றாம் நாள் நீ தூங்கிய பிறகு பழைய சோறு தின்றேன்.) மலையடியில் கிளம்பி நம் ஊர் வரைக்கும் வருகிற ஓடை ஒன்றுதான், அதன் இரண்டு கரையிலும் இருக்கிற ஏழு ஊரும் ஒரே தண்ணீரைத்தான் குடிக்கிறது, ஆனால் மேலே இருப்பவன் என்ன நடுகிறான் என்று கீழே இருப்பவனுக்குத் தெரிவதில்லை என்று நீ சொல்லிக்கொண்டே திரிந்தாய். ஐப்பசி மழை முன்பு ஒரு மாதம் நின்று பெய்தது, இப்போது நாலு நாளில் கொட்டிவிட்டுப் போய்விடுகிறது, இனிமேல் பழைய கணக்குச் செல்லாது என்றாய். ஊருக்கு ஒரு கிணறு எடுத்து, மாதம் ஒரு தடவை அளந்து, பள்ளிக்கூடத்துச் சுவரில் பலகை மாட்டி எழுதி வைப்போம், வைகாசி அளவைப் பார்த்து ஏழு ஊரும் சேர்ந்து என்ன நடுவது என்று பேசுவோம் என்றாய். அமாவாசையன்று நம்மவர்கள் ஏர் பூட்ட மாட்டார்கள், சும்மாதான் உட்கார்ந்திருப்பார்கள், அதனால் கூட்டத்தை அன்றைக்கு வைத்தாய். அது எனக்கே பிடித்திருந்தது. மண்ணைப் போட்டு ஓடைத் தண்ணீரைத் தேக்கி நிலத்துக்குள் இறக்கும் சின்னச் சின்னத் தடுப்புகளை மலையடி ஊர்க்காரர்கள் கட்டினார்கள். பள்ளிப் பிள்ளைகள் பாட்டிலை அறுத்து மழை அளக்கும் குடுவை செய்தார்கள். நம் ஊருக்கு நம் கிணறு என்று முடிவானது. நடு ஊரில் இருப்பதும் பழையதும் அதுதான்.

அந்தக் கயிற்றை நீயும் உன் அப்பாவும் சேர்ந்து கட்டினீர்கள். முழத்துக்கு ஒரு முடிச்சு, நுனியில் என் உடைந்த அம்மிக் குழவியின் ஒரு துண்டு. அடி தட்டும் வரைக்கும் இறக்கி, மேலே இழுத்து, நனைந்த முடிச்சுகளை எண்ண வேண்டும். மூட்டு வலியால் ரிக் வேலையை விட்டு வந்திருந்த மனுஷனுக்கு அன்றைக்குத்தான் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. “ஆயிரம் அடி ஓட்டை போட்டிருக்கறேன், ஆனா தண்ணி எவ்வளவு இருக்குதுன்னு ஒருநாளும் நின்னு பார்த்ததில்லை” என்றார்.

இப்போது நான் செய்ததற்கு வருகிறேன். மூன்று வருடத்துக்கு முன்னால், இதே வைகாசி. விவசாயம் பார்க்கிற பையனுக்குப் பெண் கிடையாது என்று நம் பக்கத்தில் ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டிருந்த நேரம். உனக்கு இருபத்தொன்பது. ஒவ்வொரு ஜாதகமும் போன வேகத்தில் திரும்பி வந்துகொண்டிருந்தது. கல்யாண வீடுகளில் என்னைப் பார்த்தால், “பையனுக்கு இன்னும் அமையலீங்களா?” என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்து நான் மொய் வைத்துவிட்டுச் சாப்பிடாமலே திரும்பி வந்திருக்கிறேன். அப்போது திருச்செங்கோட்டுப் பக்கமிருந்து ஒரு இடம் வந்தது. திங்கட்கிழமை வீடு பார்க்க வருகிறோம் என்றார்கள். நீ அந்தச் சமயம் கெங்கவல்லிப் பக்கத்துப் பள்ளி டீச்சர்களுக்கு இதே அளவு வேலையைச் சொல்லிக்கொடுக்கப் பத்து நாள் போயிருந்தாய். நீ இல்லாவிட்டால் என்ன, போட்டோ இருக்கிறது, கிணறு இருக்கிறது என்று நான் மோட்டார் ரூமுக்குப் போய் பியூஸ் கட்டையைப் பிடுங்கி இடுப்பில் சொருகிக்கொண்டேன். திங்கட்கிழமை வருவதாகச் சொன்னவர்கள் அடுத்த திங்களுக்குத் தள்ளிப் போட்டார்கள். நானும் கட்டையைத் திருப்பி மாட்டவில்லை. தென்னை வாடியது. மாட்டுக்குக் குழாய்த் தண்ணீரைச் சுமந்து ஊற்றினேன். உன் அப்பா பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னார்: “ஊருக்குப் பலகையில எழுதறது நம்ம கெணத்தைத்தான். பார்த்துக்க.” நான் அவர் மேல் எரிந்து விழுந்தேன். “ஊரா எம்பையனுக்குப் பொண்ணு குடுக்கும்?”

அவர்கள் வந்தார்கள், பார்த்தார்கள், கல் போட்டார்கள். மறுபடியும் ‘தொபுக்’. பெண்ணின் பெரியப்பா இரண்டு நாள் கழித்து வந்து ஒருமுறை பார்ப்பார் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அதனால் அன்றைக்கும் மோட்டாரைப் போடவில்லை. அன்று சாயங்காலம் நீ ஊர் திரும்பினாய். அடுத்த நாள் அமாவாசை. பள்ளிக்கு விடுமுறை, உன்னோடு அளக்கிற பிள்ளைகள் யாரும் இல்லை. விடிந்ததும் நீ தனியாகக் கயிற்றோடு போனாய். நான் வாசலில் சாணி தெளித்துக்கொண்டிருந்தேன். “அம்மா! பதினேழு முடிச்சும்மா!” என்று கத்திக்கொண்டு ஓடி வந்தாய். சித்திரையில் ஏழு முடிச்சு இருந்தது. ஈரக் கயிறு உன் தோளில் கிடந்து சட்டையெல்லாம் நனைந்திருந்தது. பம்புசெட் தொட்டியில் உட்கார்ந்திருந்த அதே முகம். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் சொல்ல முடியவில்லை, சாமி. சொல்லியிருக்க வேண்டும். ஒரே ஒரு வாக்கியம். வாயில் வந்ததை விழுங்கிவிட்டு, “போய்க் காபி குடி” என்றேன்.

நடுவில் இரண்டு கோடை மழை பெய்திருந்ததால் உனக்குச் சந்தேகம் வரவில்லை. மலையடித் தடுப்புகள் வேலை செய்துவிட்டன என்று நீயாகவே முடிவு செய்தாய். ராசிபுரம் போய் ஜிலேபி வாங்கி, வண்டியில் மலையடி ஊருக்குக் கொண்டு போய்க் கொடுத்து, உங்களால்தான் எங்கள் கிணறு ஏறியது என்று சொல்லிவிட்டு வந்தாய். பலகையில் பதினேழு என்று எழுதினாய். சோளம் விதைக்கலாம் என்று விதை எடுத்து வைத்திருந்த கிழக்குத் தோட்டத்துச் சின்னசாமி மாமா, அந்தப் பலகையைப் பார்த்துவிட்டு, தண்ணீர் அதிகம் வேண்டிய மஞ்சளை நட்டார். அடுத்த அமாவாசைக்கு நீ அளந்தபோது ஐந்து முடிச்சு. ஆடி முடிவதற்குள் அவர் கிணற்றில் மோட்டார் அரை மணி நேரம்தான் ஓடியது, ஆவணியில் கால் மணி. டேங்கர் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார். இலை பழுத்துச் சுருண்டுவிட்டது. புரட்டாசியில் மழை வந்தபோது அங்கே நனைவதற்கு ஒன்றும் இல்லை.

அடுத்து வந்த கூட்டத்தை நீ மறந்திருக்க மாட்டாய். நானும் வேப்பமரத்தின் பின்பக்கம் நின்றிருந்தேன். சின்னசாமி மாமா எழுந்து, “உன்ற பலகையைப் பார்த்துத்தானடா நட்டேன். ஏன்டா, முடிச்சு எண்ணத் தெரியாதவன் எதுக்குடா ஊரைக் கூட்டற?” என்று கேட்டார். உன்னைக் கண்ணு, சாமி என்று தவிர வேறு எப்படியும் கூப்பிட்டு அறியாத மனுஷன். நீ கை கட்டி நின்றாய். நார்க்கயிறு நனைந்தால் சுருங்கும், அதனால் முடிச்சு கூடத் தெரிந்திருக்கலாம், இல்லாவிட்டால் நான்தான் தப்பாக எண்ணியிருப்பேன், தப்பு என்னுடையது என்றாய். கீழே இருக்கிற ஊர்க்காரர்கள், “மண்ணைக் கொட்டிப்போட்டு அணை கட்டுனாங்களாமா” என்று மலையடிக்காரர்களைக் கேலி பேசினார்கள். அவர்கள் எழுந்து போனவர்கள்தான், இரண்டு வருடம் கூட்டத்துப் பக்கமே வரவில்லை. இவ்வளவும் நடந்தபோது நான் மரப்பட்டையைப் பிய்த்துக்கொண்டு நின்றேன். வீட்டுக்கு வந்து நீ சாப்பிடாமல் படுத்தாய். நான் தட்டில் மூடி வைத்தேன். நீ எதையாவது கேட்டுவிடுவாயோ என்று பயந்து பேச்சே கொடுக்கவில்லை.

திருச்செங்கோட்டு இடம் என்ன ஆனது என்று நீ கேட்டதே இல்லை, நானும் சொன்னதில்லை. தரகர் வந்து சொன்னார்: “தண்ணியெல்லாம் ரொம்பத் திருப்திங்க. பையன் மாசச் சம்பளக்காரனா இருந்தா பார்த்திருக்கலாமுங்களாம்.” அதோடு போனது. இதில் சிரிப்பதற்கு ஒன்று உண்டு. நான் உனக்குப் பெண் தேடி இங்கே கிணற்றை நிரப்பிக்கொண்டிருந்த அதே பத்து நாளில்தான், நீ அங்கே கெங்கவல்லியில் ஒரு அறிவியல் டீச்சரோடு மழைக்குடுவையை எந்த உயரத்தில் வைப்பது என்று சண்டை போட்டிருக்கிறாய். எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என் தென்னையாவது பிழைத்திருக்கும்.

போன வருடம் அவள் தன் பள்ளிப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு நம் ஊருக்கு வந்தாள். பிள்ளைகள் கிணற்றைச் சுற்றி நின்று எட்டிப் பார்த்தார்கள். அவள் நோட்டை விரித்துக்கொண்டு என்னிடம், “அம்மா, மோட்டார் கடைசியா எப்ப ஓடுச்சு?” என்று கேட்டாள். “எதுக்கு கேக்கறே?” என்றேன். “ஓடி முடிச்ச உடனே அளந்தா ஒரு அளவு வரும், ஓடாம விட்டு அளந்தா வேற அளவு வரும். எங்க ஊர்ல அதுக்குத் தனியா ஒரு கட்டம் போட்டு எழுதறோம்மா” என்றாள். நீ அவளைப் பார்த்த பார்வையைப் பார்த்தபோதே இந்த வீட்டுக்கு மருமகள் வந்துவிட்டாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நீ அந்தக் கட்டத்தை ஏழு ஊர்ப் பலகையிலும் போட்டாய். அடுத்த மாதமே ஏழு கிணறும் ஒரேயடியாக வற்றிப் போன மாதிரி இருந்தது! அப்போதுதான் எனக்குப் புரிந்தது, மோட்டாரை நிறுத்தி வைத்துக் கௌரவம் பார்த்தவள் நான் ஒருத்தி மட்டும் இல்லை என்று. மலையடிக்காரர்களும் அந்தக் கட்டத்தைப் பார்த்துத்தான் கூட்டத்துக்குத் திரும்பி வந்தார்கள். ஆனால் நீ அந்தப் பழைய வைகாசிப் பக்கத்தை மட்டும் நோட்டில் எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாய். உன் கை தப்பா, கயிறு தப்பா என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். இப்போதுகூட ஒவ்வொரு கிணற்றையும் மூன்று தடவை அளக்கிறாய். பார்க்கிறவர்கள் உன்னைக் கருத்தான பையன் என்கிறார்கள். எனக்கு மட்டும்தான் அது எதனால் என்று தெரியும்.

இவ்வளவு நாள் விட்டுவிட்டு இப்போது ஏன் என்றால், காரணம் என் கைதான். வருகிற வெள்ளிக்கிழமை பாக்குத் தோப்பு வைத்திருக்கிற சுகந்தியின் அப்பா வீடு பார்க்க வருகிறார் என்று முடிவானதும், செவ்வாய்ப்பேட்டையில் கல்யாண மளிகைக்கு விலை கேட்கப் போயிருந்தபோது நம் சொந்தக்காரி ஒருத்தி, “பாக்குத் தோப்புக்காரரு வாராரு, ஒரு நாலு நாளைக்கு மோட்டாரைப் போடாதீங்க” என்றாள். நான் சிரித்து மழுப்பிவிட்டு வந்தேன். நேற்றுக் காலையில் பார்த்தால் நான் மோட்டார் ரூமில் நிற்கிறேன், பியூஸ் கட்டை பாதி வெளியே வந்திருக்கிறது. யோசித்துச் செய்யவில்லை. கை அதுவாகவே போயிருக்கிறது. கட்டையைத் திருப்பி அழுத்திவிட்டு, காலில் செருப்புக்கூடப் போடாமல் சின்னசாமி மாமா தோட்டத்துக்குப் போனேன்.

அவர் மாட்டுக்குச் சோளத்தட்டு அறுத்துக்கொண்டிருந்தார். “வாங்கக்கா. என்னங்க இந்த வெயில்ல?” என்றார். “தம்பி, ஒண்ணு சொல்லோணும். நடுவுல பேசாம கேளு” என்று சொல்லி எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் அரிவாளைக் கீழே போட்டார். “மஞ்சக் காஞ்ச வருசமுங்களா?” என்று கேட்டார். “அந்த வருசந்தான்” என்றேன். “இத்தனை நாளு என்ன பண்ணுனீங்க?” என்று கேட்டார். கொஞ்ச நேரம் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருந்திருக்கும். அவர் வேறு ஒன்று சொன்னார். “மஞ்ச போனது போச்சுங்க. மூணு வருசமா அந்தப் பையன் எம்மூஞ்சியைப் பார்த்துப் பேசறதில்லீங்க. எதுக்கால வந்தா குனிஞ்சுக்கறான். நான் தப்புப் பண்ணாத பையனைக் கூட்டத்துல நிக்க வெச்சு ‘ஏன்டா’ன்னு கேட்டுப்போட்டனுங்களே, அதை எங்க கொண்டு போயி வெக்கட்டும்?” அவர் கண் கலங்கியதை நான் பார்க்கவில்லை என்று அவர் நினைத்துக்கொள்ளட்டும். நான் கிளம்பும்போது, “கூட்டத்துலயே சொல்லிப்போடுங்க. நான் பேசுனதும் அங்கதானே” என்றார். ஆனால் வழக்கமாகச் சொல்கிற “போய்ட்டு வாங்க” அவர் வாயிலிருந்து வரவில்லை.

ஆகவே ஏழு ஊர்க்காரர்களுக்கும், முக்கியமாக மலையடி ஊர்க்காரர்களுக்கும் சொல்கிறேன்: அந்த வைகாசியில் உங்கள் தடுப்பில் குறையில்லை, என் மகன் எண்ணியதிலும் குறையில்லை. ஒன்பது நாள் மோட்டாரை நிறுத்திக் கிணற்றை நிரப்பி வைத்தவள் நான். என்னை என்ன சொல்ல வேண்டுமோ கூட்டத்திலேயே சொல்லுங்கள். இந்தத் தடவை மரத்துக்குப் பின்னால் நிற்க மாட்டேன், முன் வரிசையில் உட்கார்ந்திருப்பேன். சுகந்தி கண்ணு, இதை வாசிக்கும்போது உனக்குக் குரல் தடுமாறினால் கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு வாசி. வேண்டாத வேலையைக் கொடுத்துவிட்டேன். ஆனால் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டவள் நீதான், பதிலும் உன் வாயாலேயே வரட்டும் என்று தோன்றியது.

உனக்கு நான் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான், சாமி. நீயும் அவளும் இன்னும் எத்தனையோ பள்ளிக்கூடங்களுக்குப் போவீர்கள். பிள்ளைகளிடம் உங்கள் வீட்டுக் கிணற்றை அளந்து வா என்று சொல்லும்போது, அந்தப் பிள்ளையின் வீட்டில் ஒரு அக்காவுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கலாம் என்பதை நினைத்துக்கொள். தப்பான அளவோடு வருகிற பிள்ளையை எல்லார் முன்னாலும் கேட்காதே. அந்த வீட்டு அம்மாவிடம் தனியாகப் போய்ப் பேசு. என்னைப் போல யாராவது ஒருத்தி கட்டையை இடுப்பில் சொருகிக்கொண்டு நின்றிருப்பாள், யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்துக்கொண்டும் இருப்பாள். உன் பெண்டாட்டியிடம் எதையும் மூன்று வருடம் வைத்திருக்காதே. வைக்க வைக்க அது பெருத்துக்கொண்டே போகிறது. உன் அப்பா மேல் கோபப்படாதே. அவருக்குத் தெரியும், ஆனால் நானே சொல்ல வேண்டும் என்று இருந்துவிட்டார். அவர் மேல் காட்ட வேண்டிய கோபத்தையும் சேர்த்து என் மேலேயே காட்டு. எவ்வளவு நாள் பேசாமல் இருக்க வேண்டுமோ இரு. சாப்பிட மட்டும் வந்துவிடு.

வெள்ளிக்கிழமை சம்பந்தி வரும்போது மோட்டார் வழக்கம் போல ஓடிக்கொண்டிருக்கும். அவர் கல்லைப் போட்டுப் பார்க்கட்டும். இன்றைக்குக் காலையில் ஐந்து முடிச்சுதான் இருக்கிறது, நானே அளந்தேன். எந்தக் கயிற்றில் என்று கேள். கூட்டத்தில் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்த அன்றைக்கு நீ சாணிக் குழியில் எறிந்துவிட்டுப் போன அந்த நார்க்கயிற்றை நான் எடுத்துக் கழுவி, பரணில் வைத்திருந்தேன். மறுநாள் நீ வெளியே போனதும் என் தையல் டேப்பை எடுத்து ஒவ்வொரு முடிச்சாக அளந்தேன். தொட்டியில் ஊற வைத்து, நனைந்த பிறகும் அளந்தேன். ஒரு விரற்கடைகூடப் பிசகவில்லை. அதை இந்தக் கடிதத்தோடு உன் பையில் வைத்திருக்கிறேன். நாளை மறுநாள் கூட்டத்துக்குப் போகும்போது தோளில் போட்டுக்கொண்டு போ, சின்னசாமி மாமாவின் முகத்தை நிமிர்ந்து பார்.

உன் கயிறு சரியாகத்தான் இருந்தது, சாமி. நீ எண்ணியதும் சரிதான்.

உன் அம்மா